சங்குச் சந்தை

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், நடுவில் சந்தைத் திடல், திடலை ஒட்டிப் பழைய தேவாலயம். அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்தக் கிழமை சந்தை கூடும், எந்தத் தெருவில் ஆடு விற்பார்கள், எந்தத் தெருவில் வெண்ணெய் விற்பார்கள், ஆற்று வெள்ளம் எப்போது வந்து கடைகளை அடித்துக்கொண்டு போனது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எட்டு மாதம் நான் அந்த ஊரைத் தட்டச்சு செய்தேன்.

ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுப் புத்தகங்களின் பக்கங்களைப் படமாக அனுப்புவார்கள். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து கம்ப்யூட்டரில் அடித்து நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் அடித்ததும் வீண். அர்த்தம் புரியத் தேவையில்லை என்று சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம்தான். முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரே ஊரைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தால் அந்த ஊர் தானாகவே கண்ணில் படிய ஆரம்பித்துவிடுகிறது. ஒரு அரசன் அந்த ஊருக்குச் சந்தை நடத்திக்கொள்ளத் தோலில் எழுதிச் சாசனம் கொடுத்திருந்தான். அதிலிருந்து யார் யார் கடை போட்டார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த வருடம் சந்தைக்கு ஓட்டுக் கூரை போட்டார்கள் என்று எல்லாவற்றையும் யாரோ எழுதி வைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். முட்டை விற்ற ஒரு விதவையைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அவள் உட்கார்ந்த இடம் கூடக் குறிக்கப்பட்டிருந்தது.

என் அம்மாவும் சந்தையில் உட்காருகிறவள்தான். கருவாடு விற்றாள்.

எங்கள் ஊர் திருவொற்றியூருக்கும் காத்திவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி ரயில் போகும் தண்டவாளம். இரண்டுக்கும் இடைப்பட்ட துண்டு நிலத்தில் ஒரு அம்மன் கோயில், கோயிலைச் சுற்றி நாலு தெரு, நாலு தெருவும் போய் முட்டுகிற இடத்தில் சந்தை. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் எல்லோரும் சங்குச் சந்தை என்பார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் கோணியை உதறி விரிப்பார்கள். கேட்டைத் தாண்டி ஆட்கள் வருவதற்குள் சந்தை தயாராகிவிடும். இருட்டி ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மீன் செதிலும் கீரைத் தண்டும் மட்டும் தரையில் கிடக்கும்.

என் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சங்கு ஊதியதும் வெளியே வந்து, அம்மாவிடம் கருவாடு வாங்கி, அப்படித்தான் அவர்களுக்குள் பழக்கமாகிக் கல்யாணம் ஆனது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மார்ச்சளி வந்து அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைப் படிக்க வைத்ததும் டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பியதும் அந்தக் கோணிதான்.

சந்தைக்கென்று சில நடைமுறைகள் இருந்தன. யாரும் உட்கார்ந்து பேசி வகுத்ததல்ல. அடுத்தவள் முன்னால் நிற்கும் ஆளைக் கூப்பிடக்கூடாது. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளின் இடத்தில் வேறு யாரும் கோணி விரிக்கக்கூடாது. அவள் வரும்வரை அது காலியாகவே கிடக்கும். பௌர்ணமி அன்று அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் சந்தை வழியாகத்தான் போகும் என்பதால், அன்று மட்டும் கருவாட்டுக்காரிகள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கோயில்காரர்கள் இதைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. மாதாமாதம் அம்மா தானாகவே கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. எங்கள் ஊர்த் தொழிற்சாலை மூடவில்லை, ஆனால் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. சந்தைக்கு வரும் கூட்டமும் குறைந்தது. அதே சமயம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பெருகின. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும். கடல் வேறு கிழக்குப் பக்கச் சாலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டிருந்தது. சாலையை மேற்கே அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மேற்கே என்றால் சந்தைதான்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கியபோது சந்தைக்குக் குறுக்கே வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு நீளமான கோடு போட்டிருந்தது. அம்மாவின் கோணி கோட்டுக்கு இந்தப் பக்கம் முக்கால், அந்தப் பக்கம் கால். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். பெண்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"வந்துட்டா பாரு. ஏய், இத்த இன்னான்னு கொஞ்சம் படி" என்றாள் அம்மா.

நான் படித்தேன். சாலை ஓர ஆக்கிரமிப்புகளைப் பதினைந்து நாட்களுக்குள் அவரவர்களே அகற்றிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

"ஆக்கிரமிப்புன்னா?" என்று கேட்டாள் அம்மாவுக்குப் பக்கத்தில் கீரை விற்கும் அக்கா. மணலிப் பக்கத்திலிருந்து வருகிறவள்.

"நம்ம எடம் இல்லாததுல நாம குந்திகினு கீறோம்னு அர்த்தம்கா."

"யாருடி சொன்னது? எங்கம்மா காலத்துலேருந்து குந்திகினு கீறோம். மணலில எங்க நெலத்தையெல்லாம் கம்பெனிக்கு எடுத்துக்கினப்போ கூட இங்க வந்துதானே பொயச்சோம். இதுவும் நம்மளுது இல்லியா?"

நான் அந்தக் காகிதத்தை இன்னொரு முறை படித்தேன்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவையும் கீரைக்கார அக்காவையும் கூட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தில் குறித்திருந்த அலுவலகத்துக்குப் போனேன். வெகுநேரம் நின்ற பிறகு ஒரு அதிகாரி கூப்பிட்டார். கடுமையான ஆள் இல்லை. உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"பதிவேட்டுல இருக்கிற சந்தைன்னா மாற்று இடம் குடுக்கணும்னு விதி இருக்கு. உங்க சந்தை பதிவேட்டுல இல்லம்மா" என்றார். "அங்க ஒரு சந்தை இருந்ததாவே எங்ககிட்ட எந்தக் காகிதமும் கிடையாது."

"சார், இவ்ளோ வருசமா கீது சார். நீங்களே வந்து பாருங்க சார்" என்றாள் அம்மா.

"நான் பார்த்திருக்கேன்மா. நானே அங்க கத்திரிக்கா வாங்கியிருக்கேன். நான் பார்த்தது ஆதாரமாகாது. எத்தனை வருசமா இருக்குன்னு எழுதி, ஆதாரம் வச்சுக் குடுங்க. மேல அனுப்புறேன்."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தெனிக்கும் எழுதிகினுதானே கீற. இத்த எழுதிட மாட்டியா?" என்றாள். நான் செய்கிற வேலை எழுதுவதல்ல, பார்த்து அடிப்பது என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எழுதிடலாம்மா என்று சொல்லிவிட்டேன்.

ஆதாரம் தேட ஆரம்பித்தோம். ரேஷன் கார்டில் வீட்டு விலாசம்தான் இருந்தது, உட்காரும் இடம் இல்லை. அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. வருடா வருடம் எடைக்கற்களுக்கு முத்திரை குத்த அரசாங்க ஆள் சந்தைக்கே வருவார். கல்லின் அடியில் ஈயத்தில் வருடத்தைக் குத்திவிட்டுப் போவார். பெண்கள் எல்லோரும் பழைய கற்களைத் தேடி எடுத்தார்கள். செத்துப்போன மாமியாருடைய கல்லை ஒருத்தி கொண்டுவந்தாள். ஒரு பையில் போட்டு நானும் அம்மாவும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அந்த மேஜைமேல் வைத்தோம்.

அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வருசம்னு இருக்கும்மா. எந்த இடம்னு இல்லையே. இந்தக் கல்லை வச்சு நீங்க எங்க வேணும்னாலும் வித்திருக்கலாமே."

அம்மா கற்களைத் திரும்பப் பையில் போட்டாள். வரும்போது இரண்டு பேர் தூக்கி வந்த பையைப் போகும்போது அவளே தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அப்போதுதான் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்கலாம் என்று தோன்றியது. சந்தையின் ஓரத்தில் அவருடைய கடை. தெற்கத்திக்காரர். அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய கடை, பட்டா இடம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அம்மா கேட்காமலே அரிசி கொடுத்தனுப்பியவர். அவரிடம் போய்ச் சொன்னேன். கல்லாவில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்.

"பத்திரத்துல இருக்கு பாப்பா" என்றார் யோசிக்காமல். "எங்க அப்பா இந்தக் கடைய வாங்குன பத்திரத்துல நாலு எல்லை போட்டிருக்கும்லா. கிழக்கே சந்தைத் திடல்னு தெளிவா எழுதியிருக்கு. நான் படிச்சிருக்கேன்."

நான் கல்லாவை நெருங்கினேன். "அண்ணாச்சி, அதுல ஒரு ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, போதும்."

அவர் மடிப்பதை நிறுத்தினார். தலையை நிமிர்த்தித் தன் கடையின் முன்புறத்தைப் பார்த்தார். கடைக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். பத்திரத்தில் இருந்த அளவு அந்தக் கொட்டகை வரைக்கும் வராது; பத்திரத்தைக் காட்டினால் கொட்டகையும் ஆக்கிரமிப்பாகிவிடும். அவர் சொல்லாமலே எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு வா பாப்பா, தேடிப் பாக்கேன்" என்றார்.

மறுநாள் போனேன். பத்திரம் ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள், வங்கியில் இருக்கிறது என்றார். மூன்றாவது நாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். கடைப் பையன்தான், அண்ணாச்சி சாப்பிடுகிறார் என்று வந்து சொன்னான். சாயங்காலம் ஆறு மணி அப்போது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவருக்கும் புள்ளக் குட்டி கீது" என்றாள். "பயந்துக்கினாரு. நீ எழுது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடினார்கள். உட்கார இடமில்லாமல் வாசல்படி வரைக்கும் நின்றார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சந்தை எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். கீரைக்கார அக்காதான் ஆரம்பித்தாள்.

"மொதல்ல உப்பு வித்தாங்க. உப்பளத்துலேருந்து உப்பு எடுத்தாந்து இங்க கொட்டி வெச்சி விப்பாங்களாம். எங்கம்மா சொல்லும். அப்பால முகத்துவாரத்துலேருந்து எறாவு. எங்கம்மா கீரக்கட்டத் தலைமேல வெச்சிகினு மணலிலேருந்து நடந்தே வரும். வாய்க்கால்ல எறங்கி ஏறி வரும்."

"கிளிஞ்சல் சுண்ணாம்ப உட்டுட்ட" என்றாள் இன்னொருத்தி.

"எய்துடி, சுண்ணாம்பும் எய்து."

"புயலு வந்தப்போ கடல் தண்ணி சந்தைக்குள்ள பூந்துச்சே. மொழங்கால் தண்ணில நின்னுகினு வித்தோமே. அத்த எய்து."

"ஸ்டிரைக்கப்போ?" என்றாள் அம்மா. "கேட்டாண்ட ஆம்பளைங்க நாள்கணக்கா குந்திகினு இருந்தாங்களே. சந்தைல அண்டா வெச்சி கஞ்சி காச்சி ஊத்துனோமே. உங்க நைனாவும் அந்த வரிசைல நின்னாரு. அத்த எய்தலாமா, கூடாதா?"

எழுதலாம் என்றேன். நாள் முழுக்க அந்த இங்கிலாந்து ஊரின் வரலாற்றை அடித்துப் பழகிய கை என்பதால் எதை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்று எனக்கு ஒரு தடம் கிடைத்திருந்தது. சந்தை எங்கே இருக்கிறது, யார் முதலில் விற்றார்கள், என்ன பொருள் எங்கிருந்து வந்தது, என்னென்ன துன்பம் வந்தது, எப்படித் தாண்டியது. முட்டைக்கார விதவைக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள் அல்லவா? நான் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி கொடுத்தேன். யார், எந்த இடத்தில், எதை விற்கிறாள், அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தது. ஆறு பக்கம் வந்தது. எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது பெண்கள் அழுதார்கள். சிலர் தங்கள் பெயர் வந்ததும் சிரித்தார்கள். இதைப் படித்தால் யாருக்கும் மனம் இரங்கும் என்று நானும் நம்பினேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது.

அதிகாரி முதல் பக்கத்தை முழுசாகப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் பாதி. மற்றதைப் புரட்டினார்.

"யார் எழுதுனது?"

"நான்தான் சார்."

"நல்லா இருக்கும்மா. கதை மாதிரி இருக்கு." பக்கங்களை ஒன்றாக அடுக்கினார். "ஆதாரம் எங்க?"

பெண்களின் கைநாட்டையும் கையெழுத்தையும் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, முத்திரை குத்தும் இடத்துக்கு அனுப்பினார். பெறப்பட்டது என்று ஒரு ஊதா முத்திரை விழுந்தது. அம்மா அந்த முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்து, மை காயும்வரை நகலை மடிக்க விடவில்லை.

பதினைந்து நாள் முடிந்து மேலும் ஒரு வாரம் ஆனது. யாரும் வரவில்லை. மனு வேலை செய்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக வைத்து அனுப்பினாள் அம்மா.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அந்த இங்கிலாந்துப் புத்தகத்தின் கடைசிப் பகுதியை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். காலை பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. எனக்கு என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கீரைக்கார அக்கா பேசினாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"பாப்பா, பொக்லைன் வந்துக்கீது. போலீஸ் வந்துக்கீது. சேதி கேட்டு கூடைய எடுத்தாந்து எடத்துல குந்திகின உங்கம்மா எந்திரிக்க மாட்டேங்குது. குந்திகினே கீது. நீ ஜல்தியா வா. அந்தக் காயிதத்த எடுத்தாந்து காட்டு. நீ பேசுனா கேப்பாங்க."

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"போகணும்னா போம்மா, நான் தடுக்கல. ஆனா இன்னிக்கு நீ எழுந்து போனா உன் ஜோடி அடிச்சதும் போச்சு. நாளைக்கு வரவேண்டாம்னு எனக்கு மேல இருக்கறவங்க சொல்லுவாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

என் ஜோடி, எனக்கு எதிரில் உட்கார்ந்து அடிப்பவள், தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

நான் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதை எழுத எனக்கு இவ்வளவு வருடம் பிடித்தது. சந்தை போய்விட்டால் என் சம்பளம்தான் வீட்டுக்கு மிச்சம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனாலும் உட்கார்ந்தேன் என்பதும் உண்மை. பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரைக்கும் அடித்தேன். ஒரு பிழையும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. என்ன அடித்தேன் என்பது மட்டும் ஒரு வரி கூட நினைவில் இல்லை. இடையில் தொலைபேசி இன்னும் இரண்டு முறை அடித்தது. எனக்கா என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

ரயிலைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி முடிந்திருந்தது. ஆட்கள் கேட்டைத் தாண்டி வந்து, எங்கே போவது என்று தெரியாமல் சாலை ஓரத்தில் நின்றார்கள். சந்தை இருந்த இடம் சமதளமாக இருந்தது. மழைக்குக் கட்டியிருந்த பந்தல் மூங்கில்களை ஒரு பக்கமாகக் குவித்திருந்தார்கள். நெத்திலிக் கருவாடு மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடந்தது. நாய்கள் முகர்ந்துகொண்டிருந்தன. அம்மா டிரான்ஸ்பார்மர் கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தாள். சேலை முந்தானை கிழிந்திருந்தது. முழங்கை தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. மடியில் அந்த ஆறு பக்கத்து நகல். நான் எடுத்துப்போக வேண்டும் என்று கீரைக்கார அக்கா சொன்னாளே, அதை வீட்டிலிருந்து அம்மாவே எடுத்து வந்திருக்கிறாள்.

"நான் காட்டுனேன்" என்றாள். "எனுக்குப் படிக்கத் தெரியல. மொத வரி மட்டும் மனப்பாடமா தெரியும், அத்த சொன்னேன். சொல்லச் சொல்லவே இஸ்துட்டாங்க."

"ட்ரெயின் கெடைக்கலம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "சரி. வா, காலைல துன்னுட்டு வேலைக்குப் போன ஆளு, பசிக்கும்" என்று எழுந்தாள். தொலைபேசி போனதும், நான் பேசியதும் அவளுக்குத் தெரியும். அக்கா சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள்.

மாற்று இடம் கிடைக்கவில்லை. பெண்கள் சிதறிப்போனார்கள். சிலர் திருவொற்றியூருக்கு, சிலர் வீட்டு வேலைக்கு. கீரைக்கார அக்கா மணலிக்குத் திரும்பி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். அம்மா முதலில் திருவொற்றியூர் மார்க்கெட்டில் இடம் தேடினாள். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மீன் விற்கும் பெண்கள் வரிசையின் கடைசியில் ஒரு முழ அகலம் காலியாக இருந்தது. அம்மா கோணியை விரித்தாள். பக்கத்தில் இருந்தவள் அதைச் சுருட்டி அம்மாவின் கையிலேயே கொடுத்தாள்.

"இது பேறுகாலத்துக்குப் போயிருக்கிறவ எடம். வேற பாத்துக்க."

அந்த நடைமுறை அங்கேயும் இருந்தது. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து தெருத் தெருவாகப் போனாள். வெயிலில் மணலி குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்தாள். கருவாடா, நாறுது, அந்தப் பக்கம் போ என்பார்கள். இரண்டு வருடத்தில் அவள் கால் மூட்டு இரண்டும் வீங்கிவிட்டன.

சாலை வேலை மறுபடியும் தொடங்கியது. இந்த முறை கோடு இன்னும் மேற்கே விழுந்தது. அண்ணாச்சியின் தகரக் கொட்டகையோடு கடையின் முன்பாதியும் போயிற்று. ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பத்திரத்தின் நகல். கிழக்கே சந்தைத் திடல். அவர் சொன்னபடியே இருந்தது.

"அப்பமே குடுத்திருக்கணும்" என்றார். "கொட்டகையக் காப்பாத்திக்கிடலாம்னு நெனச்சேன். மன்னிச்சுக்கிடுங்கம்மா."

அம்மா அவரைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள், "டீ ஆறிடும், குடிங்க அண்ணாச்சி" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார்.

மறுநாளே அந்த நகலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புது அதிகாரி என் கோப்பைத் தேடச் சொன்னார்; கிடைக்கவில்லை. என்னிடம் இருந்த முத்திரை போட்ட நகலையும் பத்திரத்தையும் மேஜையில் விரித்தேன். கவனமாகத்தான் பார்த்தார்.

"சந்தை இருந்திருக்கு, சரி. இப்ப இருக்கா?"

"இல்ல சார். இடிச்சிட்டாங்க."

"இப்ப இல்லாத சந்தைக்கு எப்படிம்மா மாற்று இடம் குடுக்கிறது? விதி, இருக்கிற சந்தைக்குத்தான்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். இருந்தாலும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், பார்ப்போம் என்றார். கொடுத்தேன். ஒரு ஊதா முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பொடி இறாலான சென்னாக்கூனியில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னு சொன்னாரும்மா. புது ஆபீசர் நல்லவரா கீறாரு."

"எங்க குடுப்பாங்களாம்? கோயிலாண்டையா, ஸ்டேஷனாண்டையா?"

"ஸ்டேஷனாண்ட இருக்கும்மா."

"ஸ்டேஷனாண்டன்னா தேவல. பவுர்ணமிக்கு எடம் மாத்தத் தேவையில்ல."

அடுத்த வாரமும் கேட்டாள். மேலே போயிருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம், கையெழுத்து பாக்கி என்றேன். ஒவ்வொரு வாரமும் ரயிலில் வரும்போதே அன்றைக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்வேன். ஒரு முறை கடைகளுக்கு எண் போடுகிறார்கள் என்று கூடச் சொன்னேன். எந்த எண் வேண்டும் என்று கேட்டதற்கு, ஓரமாக இல்லாமல் நடுவில் கிடைத்தால் போதும் என்றாள். மழைக்காலம் வந்து போனது. பிறகு அவளால் கூடையைத் தூக்கவே முடியாமல் போனது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டாள். ஒரு நாள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நான் ரயிலில் யோசித்து வைத்திருந்த பதிலோடு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.